சத்தத்துக்கு முன்னால் துள்ளியவர்

சினிமாவுக்குப் போனால் முதல் ஐந்து நிமிடம் என் வாயில் முறுக்கைத் திணித்தாலும் மெல்ல மாட்டேன். மெல்லும் சத்தத்தில் எதையாவது கோட்டைவிட்டு விடுவோமோ என்ற பயம். பெயர்கள் ஓடும்போதே வயலின் அழ ஆரம்பித்தால் உஷாராகிவிடுவேன். இன்னும் ஒரு ஆள்கூடத் திரையில் வரவில்லை, யாரும் சாகவில்லை, அதற்குள் எதற்கு இந்த அழுகை? நம்மை எதற்கோ தயார்ப்படுத்துகிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வேன். நாதஸ்வரமும் மணியோசையுமாக ஆரம்பிக்கிற படத்தில் குடும்பம் பிரியும். குழந்தையின் சிரிப்போடு ஆரம்பித்தால் அந்தக் குழந்தைக்கு ஏதோ ஆகப்போகிறது. நான் சொன்னது பெரும்பாலும் பலித்தது. அதற்காக யாரும் என்னைப் பாராட்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு படத்தைப் பாரும்மா என்றுதான் சொன்னார்கள்.

நான் பிறவியிலேயே சந்தேகக்காரி. பால்காரர் சிரித்துக்கொண்டு வந்தால் பாலில் தண்ணீர் என்று முடிவுகட்டுவேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் மல்லிகைப்பூ வாங்கி வந்தபோது, இவர் என்ன தப்பு செய்தார் என்று இரண்டு நாள் யோசித்தேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கோலார் தங்கவயலில் சந்தேகப்படாமல் குடும்பம் நடத்தியவளை எனக்குக் காட்டுங்கள். புருஷன் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கிப்போன பிறகு அவன் திரும்பி வந்து வாசலில் பூட்ஸைக் கழற்றும்வரை எதையும் நம்ப முடியாது.

எங்கள் ஊர் சினிமாக் கொட்டகைக்கு அப்போது தகரக் கூரை. மழை வந்தால் வசனம் கேட்காது. தரை டிக்கெட்டில் ஆண்களும் பெண்களும் தனித்தனி, பெஞ்சு டிக்கெட்டில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து உட்காரலாம். டிக்கெட் கிழிக்கிறவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. படத்தின் ஆரம்பத்தில் இடியோ வெடியோ வருகிறதென்றால் அவர் கதவோரம் தலையை நீட்டி, "படந்தான்! படந்தான்!" என்று கத்துவார். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சுரங்கத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடித்தால் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் எல்லாம் ஆடும். அந்தச் சத்தம் கேட்டால் பெண்கள் போட்டது போட்டபடி சுரங்க வாசலான ஷாப்ட் கேட்டுக்கு ஓடுவோம். கொட்டகையில் யாரோ ஒரு இசைக்காரர் பயமுறுத்துவதற்காகப் பெரிய முரசை ஒரு தட்டு தட்டினால் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். அதனால்தான் அந்தக் கத்தல். பயத்துக்காகப் போட்ட சத்தத்துக்கு அவரே முன்வந்து சமாதானம் சொல்லிவிடுவார்.

என் வீட்டுக்காரர் டிரில் மெஷின் பிடிப்பவர். பதினாறு வருடமாக அதே வேலை, பதினாறு வருடமாக ஒரே கூட்டாளி. இரண்டு பேரும் ஒரே ஷிப்ட், பூமிக்கடியில் ஒரே லெவல். கூட்டாளிக்கு எங்கள் லைன் வீடுகளிலேயே நாலு வீடு தள்ளி வீடு. எனக்கு அந்த மனிதரைக் கண்டால் அவ்வளவாக ஆகாது. என்னைவிட என் புருஷனைப் பற்றி அதிகம் தெரிந்தவர் என்பது போதாதா?

அறுபதுகளின் நடுவில் ஒரு மர்மப் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாட்டினிக்குப் போனோம். ஆரம்பத்தில் இசையே இல்லை. ஒரு பெண் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலை வாருகிறாள். சீப்பு முடிக்குள் இழுபடும் சரசரப்பு மட்டும் கேட்கிறது. ஒரு வாரல். இரண்டாவது வாரல். மூன்றாவது வாரலில் அவள் பின்னால் எங்கேயோ ஒரு கதவு கிரீச்சிட்டது. மெல்லிய சத்தம்தான். கொட்டகை முழுக்கத் தோள்கள் ஏறி இறங்கின. ஆனால் பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் இரண்டாவது வாரலிலேயே துள்ளிவிட்டார்.

எனக்கு மூக்கு வேர்த்தது. கதவு கிரீச்சிடப் போகிறது என்று இவருக்கு எப்படித் தெரியும்? இந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறார். யாருடன்?

வீட்டுக்கு வரும் வழியிலேயே கேட்டேன். "இந்தப் படம் நீங்க பாத்துட்டீங்களா?"

அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். "இன்னா?"

"பாத்துட்டீங்களான்னு கேட்டேன்."

"எப்ப பாக்குறது? ஷிப்டுக்குப் போய்க்கினு கீறேன்ல?"

அது உண்மைதான். ஆனால் உண்மையைச் சொல்லும்போது எதற்கு முகத்தை அப்படி உற்றுப் பார்க்க வேண்டும்? அன்றிலிருந்து நான் படம் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்க்க ஆரம்பித்தேன். அடுத்த படத்தில் ஆரம்பமே காற்று ஊளையிடும் சத்தம். காற்று அடங்கின பிறகும் ஐயா கழுத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த படத்தில் கொலுசுச் சத்தம் வலது பக்கமிருந்து வருவதுபோல் வந்தது, இவர் இடது பக்கம் திரும்பினார். எல்லாம் செய்கிறார், எதுவும் அந்தந்த நேரத்தில் இல்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளை நடுவில் இரண்டு வரியை விழுங்கிவிட்டு ஓடுவதுபோல் இருந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போனவள் வேறு வழியாகத் திரும்பினேன். மதகுச் சுவரில் இவரும் கூட்டாளியும் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டாளி கையை ஆட்டி ஆட்டி ஏதோ நடித்துக் காட்டுகிறார். ஒரு விரலை உயர்த்துகிறார், நிறுத்துகிறார், பிறகு தோளைக் குலுக்குகிறார். இவர் அதையே திருப்பிச் செய்து காட்டுகிறார். என்னைக் கண்டதும் இரண்டு பேரும் அடங்கிப்போனார்கள்.

"இன்னா நடக்குது?" என்றேன்.

"படக் கததாம்மா" என்றார் கூட்டாளி.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆண்கள் மதகில் உட்கார்ந்து தோளைக் குலுக்கி என்ன கதை சொல்வார்கள்? நேராகக் கூட்டாளியின் மனைவியிடம் போய் வாயைக் கிளறினேன். அவள் வேறு ஒரு புகார் வைத்திருந்தாள்.

"புதுப் படம் வந்தா மொத நாளே ஓடிப்போய்ப் பாத்துட்டு வராருக்கா. அதுவும் தனியா. என்னைக் கூட்டிக்கினு போறதில்ல. ஆரம்பம் முடிஞ்சதும் எழுந்து வந்துடறாராம், டிக்கெட் கிழிக்கிறவரு சொல்றாரு."

படத்தின் ஆரம்பத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவரும் மனிதரை நான் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள். அது ஒரு பெண் என்றுதான் அப்போதும் நினைத்தேன். சுரங்கத்திலிருந்து தங்கக் கல் கடத்துகிறார்களோ என்றுகூட ஒரு ராத்திரி தோன்றியது. அந்தப் பயத்தில் அவருடைய சட்டைப் பையையெல்லாம் தடவிப் பார்த்தேன். பீடிக்கட்டு இருந்தது.

அடுத்த புதுப் படத்துக்கு நானே முந்திக்கொண்டேன். முதல் நாள், முதல் ஆட்டம். டிக்கெட் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, ஷிப்ட் முடிந்து வந்தவரைச் சோறு போட்ட கையோடு இழுத்துக்கொண்டு போனேன். "அப்புறம் போலாம், அப்புறம் போலாம்" என்று நாலு தடவை சொன்னார். விடவில்லை.

விளக்கு அணைந்தது. திரையில் ஒன்றுமே இல்லை, முழுக் கறுப்பு. பெயர்கூடப் போடவில்லை. அந்தக் கறுப்பில் முதலில் சில்வண்டுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தூரத்தில் யாரோ மெல்லச் சீட்டியடித்துக்கொண்டு வருகிறார்கள். சீட்டி நெருங்குகிறது, நிற்கிறது. ஒரு பூட்டில் சாவி நுழைகிறது. எனக்குக் கை ரோமமெல்லாம் நட்டுக்கொண்டது. ஒன்றையும் காட்டாமல் இவ்வளவு பயமுறுத்த முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். முன்னூறு பேர் இருந்த கொட்டகையில் மூச்சு விடும் சத்தமில்லை.

அப்போது என் பக்கத்திலிருந்து, விரலை மடித்து வாயில் வைத்து ஒரு பெரிய விசில்.

"டேய்! சவுண்டு வுடுடா! படத்த வுடுடா!"

கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். பயத்தை உடைப்பதற்காக யாரோ குறும்புக்காரர் கத்தினார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதற்குள் திரையில் வெளிச்சம் வந்துவிட்டது. அந்த வெளிச்சத்தில் என் வீட்டுக்காரர் முன்னாலும் பின்னாலும் இருந்த முகங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் சிரிப்பதைக் கண்டபிறகு அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு கணம் பிந்தி வந்தது.

கூப்பிட்டால் திரும்பாதது, பேசினால் முகத்தை உற்றுப் பார்ப்பது, கத்திப் பேசுவது என்று ஒவ்வொன்றும் இப்போது வேறு மாதிரி தெரிந்தது. எங்கள் ஊரில் டிரில் மெஷின்காரர்கள் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள், அதனால் எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. இவருக்குப் பெரிய சத்தம் கேட்டது. முரசு கேட்டது, லாரி கேட்டது. சின்னச் சத்தங்கள்தான் போய்விட்டிருந்தன.

மறுநாள் பகலில் வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போனபிறகு நான் மட்டும் தனியாக அதே படத்துக்குப் போனேன். விளக்கு அணைந்ததும் இரண்டு காதிலும் விரலை அழுத்தி வைத்துக்கொண்டேன். கறுப்பு. அவ்வளவுதான். சீட்டியும் இல்லை, சாவியும் இல்லை, பயமும் இல்லை. சும்மா இருட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆபத்து வருகிறது என்று சொல்ல அந்த இருட்டில் ஒன்றுமே இல்லை. இதே மாதிரி இருட்டில்தான் அவர் இந்த நேரம் பூமிக்கு அடியில் நின்றுகொண்டிருக்கிறார் என்று நினைத்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஏன் அழுதேன் என்று சொல்ல வேண்டும். சுரங்கத்தில் வேலை தொடங்குவதற்கு முன் தலைக்கு மேலிருக்கும் பாறையை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் பாறை கெட்டி. மந்தமாக ஒலித்தால் உள்ளே பிளவு விட்டிருக்கிறது, எந்த நேரமும் விழும். அதோடு பாறை வெடிக்கப்போவதற்கு முன்னால் சில சமயம் உள்ளேயே மெல்லப் படபடக்கும், கேட்டவன் பிழைத்து ஓடுவான் என்று என் வீட்டுக்காரரே எனக்குச் சொல்லியிருக்கிறார். கிரீச்சென்ற கதவைக் கேட்காதவர் அதை எப்படிக் கேட்பார்?

அன்று சாயங்காலம் அவர் முதுகு காட்டி உட்கார்ந்து பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நான் இரண்டடி பின்னால் நின்று சாதாரணக் குரலில், "உங்க காலாண்ட பாம்பு கீது" என்றேன். எண்ணெய் போட்டுக்கொண்டேயிருந்தார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பியவர் என்னைப் பார்த்தார்.

"எத்தினி நாளா?" என்று மட்டும் கேட்டேன், உதடு தெரிய.

"மூணு வருசம் ஆவுது."

"உள்ள எப்டி வேல செய்றீங்க?"

"அவன் தட்டுவான், அவன் கேப்பான். நான் அவன் மூஞ்சியப் பாப்பேன். அவன் மூஞ்சி மாறுனா நான் நவுந்துக்குவேன்."

படத்தின் ஆரம்பத்தைப் பார்த்து வந்து, எங்கே என்ன சத்தம் வரும், எப்போது துள்ள வேண்டும் என்று கூட்டாளி சொல்லிக் கொடுத்ததும் அதற்காகத்தான். சினிமாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து மாட்டிக்கொள்ளக் கூடாது. எதற்கெடுத்தாலும் துப்பு துலக்கும் எனக்குப் பயந்து இரண்டு பெரிய மனிதர்கள் மதகில் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"ஆஸ்பத்திரில தெரிஞ்சா சொரங்கத்துலருந்து மேல ஏத்திடுவாங்க. யாருக்கும் சொல்லக் கூடாது" என்று என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். நான் சத்தியம் செய்தேன். அப்போது அதைக் காப்பாற்றத்தான் நினைத்தேன்.

மாதம் முடிவதற்குள் கூட்டாளியை வேறு லெவலுக்கு மாற்றினார்கள். இவருடன் வேலை செய்யப் புதிதாக ஒரு ஆளைப் போட்டார்கள். அந்த ஆளுடைய முகம் எப்போது மாறும், எதற்கு மாறும் என்று இவருக்குத் தெரியாது. "கத்துக்குவேன்" என்றார். முதல் வாரம் முழுக்க நான் சோறு வடிக்கும்போதுகூடப் பாத்திரம் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் குடையை எடுத்துக்கொண்டு, சுரங்கத்து மேலதிகாரியான கேப்டனின் பங்களாவுக்குப் போனேன்.

சுரங்கத்துக் கேப்டன் வராந்தாவில் நின்று கேட்டார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"சினிமாவுல தெரிஞ்சுதுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் பெயர் வெளியே வராது என்றார். வராமல் பார்த்தும் கொண்டார். அந்த லெவலில் வேலை செய்த எல்லோரையும், கூட்டாளியையும் சேர்த்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டாக்டர் ஒவ்வொருவருக்கும் பின்னால் நின்று மெல்லப் பேசினாராம். என் வீட்டுக்காரரை மேலே எடுத்து லாம்ப் ரூமில் போட்டார்கள். காலையில் விளக்கைக் கொடுத்து, சாயங்காலம் விளக்கைத் திரும்ப வாங்கும் வேலை. சம்பளம் குறைந்தது. அதைவிட, தன்னுடன் இறங்கியவர்கள் தன்னிடம் விளக்கு வாங்கிக்கொண்டு இறங்குவதைப் பார்த்து நிற்பது அவருக்குத் தாங்கவில்லை.

"ரெண்டு பேருக்குத்தான் தெரியும்" என்றார் என்னிடம். "நீ சத்தியம் பண்ணவ. அப்ப யாரு?"

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் சந்தேகப்படாத ஆளே கிடையாது, ஆனால் அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. கூட்டாளியுடன் பேச்சை நிறுத்தினார். வழியில் கண்டால் எதிர்ப்பக்கம் போனார். பதினாறு வருடச் சிநேகம் ஒரு வாரத்தில் முடிந்துபோனது.

கூட்டாளி ஒருநாள் பகலில், இவர் லாம்ப் ரூமில் இருக்கும் நேரமாகப் பார்த்து எங்கள் வாசலுக்கு வந்தார். நான் உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை.

"பங்களா கேட்டுல உன்னியப் பாத்தேன், குடையோட" என்றார்.

"நான் சொல்லிடறேங்கண்ணா, இன்னிக்கே சொல்லிடறேன்."

"சொல்லாத. என்னிய சந்தேகப்பட்டா அவன் எங்கூடப் பேச மாட்டான், அவ்ளோதான். உன்னிய சந்தேகப்பட்டா அவன் எங்க போய் சாப்புடுவான், எங்க தூங்குவான்?" என்றார். பிறகு, "நீ செஞ்சது சரி. என்னால முடியல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சரி என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நான் மூன்று வருடம் சௌகரியமாக இருந்தேன். வெட்கக்கேடுதான், ஆனால் இருந்தேன். சினிமாவுக்குப் போகும்போது ஆரம்பச் சத்தங்களை அவர் கையில் விரலால் தட்டிச் சொன்னேன். மழை என்றால் ஐந்து விரலும், காலடி என்றால் இரண்டு விரலும். அவருக்கு அது பிடித்தது. முன்வரிசையில் கூட்டாளி மனைவியுடன் உட்கார்ந்திருந்தால் மட்டும் இவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போவார். நான் பின்னாலேயே போவேன்.

கூட்டாளி முன்கூட்டியே ஓய்வு பெற்றார். குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போகிறார்கள், கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறார்கள் என்று லைன் முழுக்கத் தெரிந்தது. எல்லோரும் வழியனுப்பப் போனார்கள். என் வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரேடியோவைத் திறந்து பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ நன்றாகத்தான் இருந்தது.

நான் போய் அவர் முன்னால், வெயில் என் முகத்தில் விழும்படி நின்றேன். ஒரு சொல்லும் தவறிப்போகாதபடி மெதுவாகச் சொன்னேன்.

"கேப்டன்கிட்ட சொன்னது நான். அவர் இல்ல."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவையும் சொன்னேன். திருப்புளியைக் கீழே வைத்தார், சட்டையை மாட்டினார்.

"வண்டி எத்தினி மணிக்கு?" என்றார்.

சொன்னேன். ஓடினார். ஐம்பதை நெருங்கும் மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. வண்டியைப் பிடித்துவிட்டார் என்றும், இரண்டு பேரும் பிளாட்பாரத்தில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்றும், வழியனுப்பிவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள்.

இருட்டும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார். கை கால் கழுவினார். முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். அப்போதும் திரும்பவில்லை. கல்யாணமான நாள் முதல் அந்த மனிதர் சொன்னதையும் சொல்லாததையும் தோண்டித் துருவிப் பார்த்தவள் நான். அன்றைக்கு எதையும் தெரிந்துகொள்ள எனக்குத் துணிவில்லை. அவருக்குக் காது கேட்கவில்லை, அதனால்தான் திரும்பவில்லை என்றே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, தட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன்.